எஞ்சினின் பாகப்பிரிவினை

"ஒரு சொத்தை வாங்குகிறோம். ஆண்டுதோறும் அது தேய்கிறது. அந்தத் தேய்வை ஏட்டில் எழுதிக்கொண்டே வருகிறோம். இனி உதவாது என்று அதை ஒதுக்கும் நாளில் என்ன விலைக்குப் போகுமோ, அதுவே அதன் இறுதி மதிப்பு." முதலாமாண்டில் எங்கள் பேராசிரியர் தேய்மானம் என்னும் பாடத்தை இப்படித்தான் தொடங்கினார். கரும்பலகையில் ஓர் எந்திரத்தின் அடக்க விலையை எழுதினார். இறுதி மதிப்பைக் கழித்தார். மீதியைப் பத்தால் வகுத்தார். கடைசி வரிசையில் அமர்ந்திருந்த நானும் அந்தக் கணக்கைப் பிழையின்றிப் போட்டேன். ஆனால் அந்தப் பாடம் எனக்கு உண்மையில் விளங்கிய இடம் வகுப்பறை அல்ல; மல்லிப்பட்டினம் துறைமுகத்தில், கருப்பெண்ணெய் படிந்த ஒரு தார்ப்பாய். அந்தக் கதையையே இங்கு எழுத முற்படுகிறேன். இதில் என் பிழை ஒன்றும் இருக்கிறது. அதை மறைத்து எழுதுவதானால் எழுதாமலே இருந்துவிடலாம்.

எங்கள் ஊர் தஞ்சை மாவட்டத்தின் கடற்கரையில், பாக் விரிகுடாவின் ஓரத்தில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் விசைப்படகுகள் வாரத்தில் திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாட்கள் மட்டுமே கடலுக்குப் போகும். மற்ற நாட்கள் நாட்டுப் படகுக்காரர்களுக்கு உரியவை. இது எங்களுக்குள் நாங்களே செய்துகொண்ட ஒப்பந்தம். ஆண்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். 2017-க்கு முன்பு அது 45 நாட்களாக இருந்தது. இவ்வளவும் கழித்து மிஞ்சும் நாட்களில்தான் ஒரு படகுக்காரன் வீட்டில் அரிசியும், பள்ளிக் கட்டணமும், வட்டியும் பிறக்க வேண்டும். ஆகவே எஞ்சின் ஒரு நாள் நின்றால் அது ஒரு நாளோடு முடிகிற நட்டம் அன்று.

விசைப்படகின் எஞ்சினைப் பற்றிக் கடலோரம் அல்லாத நண்பர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். சிறிய நாட்டுப் படகுகளில் பின்பக்கம் தொங்கவிட்டு ஓட்டும் எஞ்சின் வேறு. எங்களுடையது படகின் வயிற்றுக்குள், ஓட்டுநர் அறைக்குக் கீழே, மரப் படுக்கையில் போல்ட்டுப் போட்டு இறுக்கப்பட்டது. லாரியில் இருக்கும் ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினைப் போன்றதுதான். ஆனால் லாரியின் ரேடியேட்டருக்குக் காற்று கிடைக்கிறது. படகின் வயிற்றுக்குள் காற்று ஏது? ஆகவே எஞ்சினுக்குள் நல்ல தண்ணீர் சுற்றிவரும். அந்த நல்ல தண்ணீரை ஒரு குழாய்ப் பெட்டிக்குள் கடல் தண்ணீர் குளிர்விக்கும். கடல் தண்ணீரை உள்ளே இழுக்க ஒரு பம்ப். அது இழுப்பதற்குப் படகின் அடியில் ஒரு துளை. பின்னால் கியர் பெட்டி. அதில் முன்னே, பின்னே என்று இரண்டே போக்கு. எஞ்சின் வேகமாகச் சுற்றுவதைக் குறைத்து, வலுவைக் கூட்டி, ஷாப்ட் வழியாக விசிறிக்குக் கொடுப்பது அதன் வேலை.

டீசல் என்பது எண்ணெயின் பெயர் என்றே சிறுவயதில் எண்ணியிருந்தேன். அது ஒரு மனிதரின் பெயர். ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் 1897-ல் தம் எஞ்சினை ஓட்டிக் காட்டினார். தீப்பொறி இல்லாமல், காற்றை இறுக்கி அழுத்திய வெப்பத்திலேயே எண்ணெயைப் பற்றவைத்தது அவர் கண்ட வழி. 1913-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது அவர் கடலில் மறைந்தார். 1952-ல் ஐக்கிய நாடுகள், நார்வே, இந்தியா என்னும் முத்தரப்பும் ஓர் ஒப்பந்தம் செய்து, கேரளத்தில் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் எஞ்சின் வைத்த மீன்பிடிப் படகுகளைக் கொண்டுவந்தன. பின்னர் அத்திட்டம் எங்கள் பாக் விரிகுடாக் கரையில் உள்ள மண்டபத்துக்கும் வந்தது. என் தாத்தா பாய்மரம் பிடித்தவர். அப்பா எஞ்சின் பிடித்தவர். நான் பேனா பிடிக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை.

எங்கள் எஞ்சினுக்கு ஒரு முன்கதை உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜாப் புயல் வீசியபோது, துறைமுகத்தில் கட்டியிருந்த படகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நொறுங்கின. எங்கள் படகு நொறுங்கவில்லை, அமிழ்ந்தது. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அப்பா உடனே எஞ்சினைத் தூக்க ஆள் தேடினார். எங்கள் மெக்கானிக் தடுத்தார். அவரை ஊரில் எல்லோரும் பாய் என்றே அழைப்போம். "தண்ணிக்குள்ளே கிடக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. வெளியே வந்து காத்துப் பட்ட நேரத்திலிருந்துதான் துரு ஏறும். நான் நல்ல தண்ணியும் டீசலும் ஆயிலும் தயாரா வெச்சுக்கிட்டு நிக்கிறேன். அப்புறம் தூக்குங்க" என்றார். ஆறாம் நாள் தூக்கினோம். இறக்கி வைத்த கையோடு நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, டீசல் விட்டு அலசி, ஆயில் ஊற்றிக் கையாலேயே சுற்றிச் சுற்றி அதைப் பிழைக்க வைத்தார். ஊரே வியந்தது.

ஆனால் கியர் பெட்டி முழுமையாகப் பிழைக்கவில்லை. பின்போக்குக்கு உரிய கிளட்ச் தட்டுகளில் உப்பு அரித்திருந்தது. ஆயில் குளிர்ந்திருக்கும்போது ரிவர்ஸ் சரியாகப் பிடிக்கும். நாள் முழுதும் ஓடிச் சூடேறிவிட்டால் வழுக்கும். தட்டுகளை மாற்றப் பணம் வேண்டும். புயலுக்குப் பிந்தைய ஆண்டுகளில் அந்தப் பணம் எங்களிடம் இல்லை. அப்பா அதற்குத் தம் பழக்கத்தை மாற்றிக்கொண்டார். கரைக்கு வரும்போது வெகு தொலைவிலேயே வேகத்தைக் குறைத்து, படகைத் தானாக மிதந்து வரவிடுவார். அணியத்தில் ஒருவன் பழைய டயரைப் பிடித்துக்கொண்டு நிற்பான். பார்ப்பவர்கள் அப்பாவை நிதானமான ஆள் என்று புகழ்வார்கள். அந்த நிதானத்துக்குக் காரணம் எங்கள் படகில் இருந்தவர்களுக்கு மட்டுமே தெரியும்.

2024 மார்ச் 20, புதன்கிழமை. கரையிலிருந்து வெகுதூரம் போய் வலை இழுத்துக்கொண்டிருந்தபோது எஞ்சினின் ஓசை மாறியதாம். முதலில் ஒரு முனகல். பிறகு இரும்பை இரும்பால் தட்டும் ஓசை. அப்பா வேகத்தைக் குறைப்பதற்குள் ஒரு குலுக்கலோடு நின்றுவிட்டது. கீழே இறங்க முடியாமல் ஆவி. பக்கத்தில் வலை போட்டிருந்த படகுக்காரர் தம் வலையைச் சுருட்டிவிட்டு வந்து, கயிறு கட்டி இரவெல்லாம் இழுத்து வந்து சேர்த்தார். அன்றைய தொழிலை அவர் இழந்தார். டீசலுக்கென்று நீட்டிய பணத்தையும் வாங்க மறுத்துவிட்டார். "நாளைக்கு நீ என்னை இழுக்க மாட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

காரணம் என்ன தெரியுமா? ஒரு பிளாஸ்டிக் பை. கடலில் மிதந்துவந்த ஒரு கடைப் பை, படகின் அடியில் உள்ள துளையில் உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொண்டது. கடல் தண்ணீர் வரத்து நின்றது. நல்ல தண்ணீர் கொதித்தது. வெப்பத்தைக் காட்டும் மீட்டர் ஒன்று ஓட்டுநர் அறையில் உண்டு. ஆனால் அதன் முள் ஓர் ஆண்டாகவே நடுவில் நின்றுவிட்டிருந்தது. அறுநூறு ரூபாய்ச் சாமான். அடுத்த மாதம் மாற்றலாம் என்று மாதங்கள் போயின. நின்றுபோன முள் எப்போதும் நல்ல செய்தியையே சொல்லிக்கொண்டிருந்தது.

மறுநாள் பாய் வந்தார். பிளைவீலில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார்; அசையவில்லை. அடியில் உள்ள திருகைக் கழற்றி ஆயிலை வடித்தார். கருப்பாக வர வேண்டியது, பால் அதிகம் ஊற்றிய டீயின் நிறத்தில் வந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். ஹெட்டைக் கழற்றினோம். இரண்டாவது, மூன்றாவது பிஸ்டன்கள் தம் உருளைகளோடு ஒட்டிக் கிடந்தன. கிராங்கின் கழுத்து வெப்பத்தில் நீலம் பாய்ந்து, விரலால் தடவினால் வரிவரியாக அறுபட்டிருந்தது. இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே பிளாக்கில் தலைமுடி அளவில் ஒரு விரிசல். பாய் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே, "இதுக்கு மேலே செலவு பண்ணாதீங்க. செலவு பண்ற காசுக்கு வேற எஞ்சினே வரும்" என்றார். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்து, "ஆனா இது முழுசும் சாகலை. இதில் உசுரோட இருக்கிற பாகங்களைப் பிரிச்சு வித்தா பாதிக் கிணறு தாண்டலாம்" என்று சேர்த்துச் சொன்னார்.

அன்றிரவு அப்பா, அம்மா, பாய், நான் நால்வரும் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கணக்குப் போட்டோம். வணிகவியல் மாணவன் என்பதால் பேனா என் கையில். நாகப்பட்டினத்தில் ஒருவர் தம் படகை உடைத்துவிட்டு எஞ்சினைக் கியர் பெட்டியோடு விற்பதாகச் செய்தி வந்திருந்தது. அதன் விலை 3,90,000 ரூபாய். ஏற்றிவரும் கூலி, படுக்கை, ஷாப்ட் வேலை என்று 45,000. ஆக 4,35,000. மகளிர் குழுவில் அம்மாவின் பேரில் ஒரு இலட்சம் கிடைக்கும். அம்மாவின் நகையை அடகு வைத்தால் 1,60,000. குறைவது 1,75,000. அதை அந்தச் செத்த எஞ்சின்தான் தர வேண்டும்.

இன்னொரு வழியும் இருந்தது. மீன் கம்பெனிக்காரரிடம் முன்பணம் வாங்குவது. வட்டி இல்லை என்பார்கள். ஆனால் கடன் தீரும்வரை பிடித்து வரும் இறாலை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டும். ஐந்தாண்டு அப்படிக் கட்டுண்டு கிடந்து, அதற்கு முந்தைய ஆண்டுதான் அப்பா விடுபட்டிருந்தார். "அந்த வாசல்படி மறுபடியும் வேண்டாம்" என்றார் அம்மா. அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

ஓட்டுநர் அறையின் பலகைகளைக் கழற்றி, மூன்று சவுக்கு மரங்களை முக்காலியாக நட்டு, செயின் கப்பி மாட்டி எஞ்சினைத் தூக்கினோம். படுக்கை போல்ட்டுகள் துருவேறி அசைய மறுத்தன. இரண்டு இரவுகள் மண்ணெண்ணெயில் ஊறிய பிறகே இளகின. கரையில் தார்ப்பாய் விரித்து, பாய் ஒவ்வொரு பாகமாகக் கழற்றிக் கொடுக்க, நான் டீசலில் கழுவித் துடைத்து வரிசையாக அடுக்கினேன். எதிர்பார்க்கும் விலையைச் சாக்கட்டியால் பக்கத்திலேயே எழுதினேன்.

கியர் பெட்டி 80,000. டீசல் பம்ப் 24,000. அது எஞ்சின் ஆயிலைத் தொடாமல் தனியே நின்றதால் பழுதின்றி இருந்தது. ஆறு இஞ்செக்டர்கள் 9,000. ஸ்டார்ட்டர் மோட்டார் 7,000. ஆல்டர்னேட்டர் 4,000. குளிர்விக்கும் குழாய்ப் பெட்டி 11,000. உள்ளே இருப்பது செம்புக் கலவை என்பதால் அதற்கு எப்போதும் மதிப்பு. கடல் தண்ணீர்ப் பம்ப் 5,000. பிளைவீலும் அதன் கூடும் 12,000. இரண்டு ஹெட்டுகளில் பின்னது மட்டும் நேராக இருந்தது, அது 8,000. ஆயில் கூலரும் சில்லறையும் 2,700. பிளாக், கிராங்க், பிஸ்டன்கள், வளைந்த ஹெட் எல்லாம் பழைய இரும்பு. 410 கிலோ, கிலோ 30 ரூபாய் வீதம் 12,300. கூட்டினால் சரியாக 1,75,000. ஒரு குடும்பத்துச் சொத்தைப் பாகம் பிரிப்பதுபோல இருந்தது. "ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ஊருக்குப் போய் வாழப் போகுது" என்றார் பாய்.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

ஏப்ரல் 26, வெள்ளிக்கிழமை. தடைக்காலம் தொடங்கிப் பதினோரு நாட்கள் ஆகியிருந்தன. அப்பா எஞ்சினைப் பார்க்க நாகப்பட்டினம் போயிருந்தார். பாய் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார். தார்ப்பாய்க்குக் காவலாக நான் மட்டும் இருந்தேன். நண்பகலில் ஜெகதாப்பட்டினத்திலிருந்து ஒருவர் வந்தார். வயது முப்பதுக்குள் இருக்கும். புதிதாகச் சொந்தப் படகு எடுத்தவர். அவருடைய கியர் பெட்டி பல் உடைந்துவிட்டதாம். எங்கள் பெட்டியின் மூடியைத் திறந்து ஆயிலை விரலில் தொட்டுப் பார்த்தார்; ஷாப்டை ஆட்டிப் பார்த்தார்; கையால் சுற்றிப் பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தன. சூடேறிச் சுமை ஏறும்போது மட்டும் தெரிகிற குறையைத் தார்ப்பாயில் வைத்துப் பார்த்து யார் கண்டுபிடிக்க முடியும்?

"வேறே ஏதும் குறை இருக்கா தம்பி?" என்று கேட்டார்.

என் மனத்தில் அந்த 1,75,000 மட்டுமே நின்றது. "எஞ்சின்தான் போச்சு அண்ணே. கியர் பெட்டி கடைசி நாள் வரைக்கும் ஓடிக்கிட்டுதான் இருந்தது" என்றேன்.

அதில் பொய் ஒரு சொல்லும் இல்லை. அதுதான் அதன் கொடுமை. அவர் 80,000-க்கு ஒப்புக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து பத்தாயிரத்தை எண்ணிக் கொடுத்தார். மீதியைப் பெட்டியை எடுத்துப்போகும்போது தருவதாகச் சொன்னார். "வீட்டிலே அவ வளையலை வெச்சிருக்கேன், திங்கக்கிழமை பணம் வந்துடும்" என்று கூறிவிட்டுப் போனார். ஒரு ரூபாயும் குறைக்காமல் விற்றுவிட்டேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த வளையலைப் பற்றி நினைக்காமல் இருப்பதற்குச் சற்று முயல வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அப்பா திரும்பினார். எஞ்சின் பேசி முடிந்துவிட்டது. சாப்பிட உட்கார்ந்தவரிடம் பத்தாயிரத்தை நீட்டி விவரம் சொன்னேன். அவர் பணத்தைப் பார்க்கவில்லை.

"ரிவர்ஸ் விஷயத்தைச் சொன்னியா?"

நான் பேசாமல் நின்றேன்.

அப்பா கோபக்காரர் அல்லர். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "நாகப்பட்டினத்திலே அந்த மனுசன் என்னை முன்னே பின்னே பார்த்ததில்லை. நான் எஞ்சினை ஓட்டிப் பார்த்தேன், ஒரு குறையும் எனக்குத் தெரியலை. அவராவே வந்து, 'மூணாவது இஞ்செக்டர் ஒழுகுது, மாத்திக்குங்க'ன்னு சொல்லி ரெண்டாயிரம் குறைச்சுக்கிட்டார். அங்கே நான் அந்த ஆள் வாக்கை நம்பி எஞ்சின் வாங்குறேன். அதே நேரத்திலே இங்கே நீ இப்படி விக்கிறே."

சிறிது நேரம் கழித்து மீண்டும் சொன்னார்: "ரோட்டிலே ஓடுற வண்டிக்குப் பிரேக் இருக்கு. போட்டுக்கு ரிவர்ஸ்தான் பிரேக். எனக்கு அது வழுக்கும்னு தெரியும், அதனாலே பொழைச்சேன். அவனுக்குத் தெரியாதே. வலையோட ஒருத்தன் கடல்லே விழுந்தா, அந்தப் பையன் ரிவர்ஸை நம்பித்தானே போட்டை நிறுத்துவான்?"

நான் அம்மாவைப் பார்த்தேன். கம்பெனிக்காரர் வாசலுக்குப் போக வேண்டாம் என்று சொன்னவள் அவள். என் பக்கம் பேசுவாள் என்று எண்ணினேன். அவள், "அவன் பெண்டாட்டி வளையலும் வளையல்தானே" என்று சொல்லிவிட்டுச் சோற்றுப் பானையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அப்பா போகவில்லை, தொலைபேசியில் பேசவும் விடவில்லை. "நீ வித்தே; நீயே போய்ச் சொல்லு" என்றார். திங்கட்கிழமை காலையில், அந்தப் பத்தாயிரத்தை உள்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்து ஏறினேன். கட்டுமாவடி, மணமேல்குடி என்று ஊர்கள் போயின. என்ன சொல்லித் தொடங்குவது என்பதை மனத்துக்குள் பலமுறை எழுதி எழுதி அடித்தேன். ஐந்து மதிப்பெண் வினாவுக்குக்கூட நான் அவ்வளவு பாடுபட்டதில்லை.

அவர் வீட்டுக்குப் பக்கத்தில் பூவரச மர நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், பெட்டியை வேறு யாருக்கும் விற்றுவிட்டோமோ என்று பதறி எழுந்தார். அந்தப் பதற்றத்தைக் கண்டபோதுதான் என் செய்கையின் அளவு எனக்குத் தெரிந்தது. எழுதி வைத்திருந்த முன்னுரைகள் எல்லாம் மறந்துபோயின. "அண்ணே, கியர் பெட்டியிலே ஒரு குறை இருக்கு. சூடேறினா ரிவர்ஸ் வழுக்கும். கஜாவிலே முழுகினது. அன்னைக்கு நான் வேணும்னேதான் சொல்லலை" என்றேன்.

கதைகளில் வருவதுபோல் அவர் என்னைத் தட்டிக்கொடுக்கவில்லை. ஊசியைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "படிக்கிற பையன்னுதானே உன் பேச்சை நம்பினேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை நான் இன்றும் சுமக்கிறேன். பத்தாயிரத்தை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. தம் மெக்கானிக்கைத் தொலைபேசியில் அழைத்து, தட்டுகளும் சீல்களும் மாற்ற என்ன ஆகும் என்று கேட்டார். பிறகு, "நாப்பத்தஞ்சுன்னா எடுத்துக்கிறேன். இல்லைன்னா பணத்தை வெச்சுட்டுப் போ" என்றார். நான் அப்பாவை அழைத்தேன். மறுமுனையில் ஒரு மூச்சு விடும் நேரம் அமைதி. "சரின்னு சொல்லு" என்றார்.

முப்பத்தையாயிரம் ரூபாய் அந்த ஒரு மூச்சில் போயிற்று. மே மாதம் முதல் வாரத்தில் அப்பா அதே முப்பத்தையாயிரத்துக்குக் கம்பெனிக்காரரின் வாசற்படி ஏறினார். கூடப் போன நான் வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே அப்பாவின் குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்து ஒலித்தது. திரும்பி வரும் வழியில் அவர் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நாகப்பட்டினத்து எஞ்சின் லாரியில் வந்திறங்கியது. மூன்றாவது இஞ்செக்டருக்குப் புது முனை போட்டு, படுக்கையைச் சீவி, இரும்புத் தகடுகள் கொடுத்து மட்டம் பார்த்து இறக்கினோம். ஷாப்டையும் கியர் பெட்டியையும் இணைக்கும் தட்டுகளைக் கரையில் வைத்தே முடுக்கிவிடலாம் என்று நான் அவசரப்பட்டேன். பாய் சிரித்தார். "மரப் போட்டு கரையிலே ஒரு மாதிரி நிக்கும், தண்ணியிலே ஒரு மாதிரி வளையும். மிதக்க விட்டு ஒரு நாள் கழிச்சுதான் நேர் பார்க்கணும்" என்றார். அவ்வாறே மிதக்கவிட்டு, இரண்டு தட்டுகளுக்கும் இடையே மெல்லிய பில்லர் கேஜை நான்கு பக்கமும் செருகிப் பார்த்து, தலைமுடிக் கனத்துக்கு ஏற்றியும் இறக்கியும் நேர்செய்தார். கடைசியாக அப்பா ஒரு வேலை செய்தார். புது வெப்ப மீட்டர் ஒன்றும், சூடு மீறினால் அடிக்கும் மணி ஒன்றும் தம் கையாலேயே பொருத்தினார்.

ஜூன் 15, சனிக்கிழமை, தடைக்காலம் முடிந்து எங்கள் படகு கடலுக்குப் போனது. மறுநாள் திரும்பி வந்து துறைமுகத்துக்குள் நுழைந்தபோது, அப்பா பழைய பழக்கத்தில் வெகு தொலைவிலேயே வேகத்தைக் குறைத்தார். பிறகு நினைவு வந்தவராய்க் கிட்டே வந்து ரிவர்ஸ் போட்டார். படகு சுவரில் முட்டாமல் நின்றது. அணியத்தில் டயரோடு நின்றிருந்த எனக்கு வேலை இல்லாமல் போயிற்று.

கம்பெனிக்காரரின் கணக்கு இன்னும் முடியவில்லை. எங்கள் இறால் கிலோவுக்கு மற்றவர்களைவிட இருபது ரூபாய் குறைவாகத்தான் எடை ஏறுகிறது. நல்லது செய்தால் உடனே நல்லது திரும்பி வரும் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் ஏட்டில் உள்ளதைத்தான் எழுத வேண்டும்.

ஒன்று மட்டும் நடந்தது. அந்த ஆண்டு ஐப்பசி மாதத்தில், கோட்டைப்பட்டினத்திலிருந்தும் ஜெகதாப்பட்டினத்திலிருந்தும் இருவர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார்கள். ஒருவருக்கு டீசல் பம்ப் வேண்டும். மற்றவருக்கு ஸ்டார்ட்டர் மோட்டார் வேண்டும். எங்கள் வீட்டை யார் சொன்னார்கள் என்று அப்பா கேட்டார். "கியர் பெட்டி வாங்கினானே, அவன்தான் சொன்னான். 'அந்த வீட்டிலே வாங்கினா பிரிச்சுப் பார்க்க வேண்டாம், குறையை அவங்களே சொல்லிடுவாங்க'ன்னான்" என்றார்கள். விற்பதற்கு எங்களிடம் அப்போது ஒரு திருகாணிகூட இல்லை. டீ கொடுத்து அனுப்பிவைத்தோம்.

இவ்வாண்டு எங்களுக்கு நிறுமக் கணக்கியல் வகுப்பில் நற்பெயர் என்னும் பாடம் நடந்தது. ஒரு தொழிலின் நற்பெயரும் ஒரு சொத்துதான். கண்ணுக்குப் புலப்படாத சொத்து. ஆனால் அதை நினைத்தபடி ஏட்டில் எழுதிக்கொள்ள முடியாது. விலை கொடுத்து வாங்கிய நற்பெயரை மட்டுமே பதிவு செய்யலாம் என்றார் பேராசிரியர். வகுப்பில் எல்லோரும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் என் குறிப்பேட்டின் ஓரத்தில், எண்ணாலும் எழுத்தாலும் ஒரு தொகையை எழுதினேன்: 35,000, ரூபாய் முப்பத்தையாயிரம் மட்டும்.

அதை நாங்கள் விலை கொடுத்துத்தான் வாங்கினோம்.